மதிற்சுவர் மட்டும் போதுமா?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

பள்ளிக்கூடத்தை இரண்டாம் வீடு என்பர் பெரியோர். ஆனால் வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டில் நம்மைக் காப்பவர்கள் நம்மைப் பெற்றவர்கள். பள்ளியிலோ, நம் பெற்றோருக்கு முன்பின் அறிமுகம் இல்லாத பலர் நம்மைக் காக்கிறார்கள். காலை மணி அடித்தது முதல் மாலை மணி அடிக்கும் வரை, பெற்ற பிள்ளையைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு ஒரு தாய் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கிறாள் என்றால், அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய நம்பிக்கை இருக்க வேண்டும்!

இந்த ஆண்டு சமூக அறிவியல் வகுப்பில் அரசியலமைப்புச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். அப்போது நான் எழுந்து, “பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பாதுகாக்க என்று தனியாகச் சட்டம் இருக்கிறதா, டீச்சர்?” என்று கேட்டேன். டீச்சர் சிரித்தார்கள். “இருக்கிறது. ஒன்றல்ல, பல. நீயே தேடிப் பார்த்து எழுதிக்கொண்டு வா” என்றார்கள். நூலகத்தில் தேடினேன், பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன், வீட்டில் அப்பாவிடமும் அம்மாவிடமும் கேட்டேன். அப்படித் தேடியபோது என் உள்ளத்தில் பதிந்தவற்றையே இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் நம் ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள். அப்போது நான் ஆறாம் வகுப்பு. கொரோனா நோயால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்த பள்ளிகள், எங்களைப் போன்ற சிறு வகுப்பினருக்கு அந்த நவம்பர் முதல் தேதிதான் திறக்கப்பட்டிருந்தன. மறுபடி தோழிகளைக் கண்ட மகிழ்ச்சி இன்னும் அடங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை இடைவேளையில், நெல்லை நகரத்துப் பழைமையான பள்ளியொன்றில் கழிவறைச் சுவர் இடிந்து விழுந்தது. மூன்று மாணவர்கள் மாண்டார்கள்; வேறு சிலர் காயமுற்றார்கள். மாண்ட மூவரில் ஒருவன் என்னைப் போலவே ஆறாம் வகுப்பு. இடைவேளை மணி கேட்டு வகுப்பை விட்டு ஓடியவன் திரும்பி வரவில்லை.

என் அம்மா டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார்கள். செய்தி கேட்டதும் கடை முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, ஆற்றுப் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் வகுப்புச் சன்னலோரம் வந்து நின்றார்கள். நான் வெளியே ஓடி, “என்னம்மா?” என்றேன். “ஒண்ணுமில்லட்டி, சும்மாதான் வந்தேன். நீ போய்ப் படி” என்று சொல்லிவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று வாயிற்கதவருகே அப்படிச் ‘சும்மா’ வந்த தாய்மார்கள் பலர் நின்றிருந்தார்கள். அவர்கள் முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த விபத்துக்குப் பின் தமிழகம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்யும்படி அரசு ஆணையிட்டது. பழுதுபட்ட வகுப்பறைகளும் சுவர்களும் கழிவறைகளும் கணக்கெடுக்கப்பட்டன; பல இடங்களில் இடித்து அகற்றப்பட்டன. நல்ல செயல்தான். ஆனாலும், “கண் கெட்ட பிறகா சூரிய நமஸ்காரம்?” என்று அன்றிரவு எங்கள் ஆச்சி முணுமுணுத்ததில் உண்மை இல்லாமல் இல்லை.

தேடிப் படிக்கப் படிக்க, ஆச்சியின் அந்தச் சொல் மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது. பள்ளிப் பாதுகாப்புக்கான சட்டங்களில் பல, ஏதோ ஒரு துயரத்துக்குப் பிறகே பிறந்திருக்கின்றன.

நம் ஊர்ப் பாலத்தையே எண்ணிப் பாருங்கள். தாமிரபரணியைக் கடக்கப் படகையே நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. மக்கள் படும் பாட்டைக் கண்டு மனம் பொறாத சுலோச்சன முதலியார், தம் சொந்தச் செல்வத்தைச் செலவிட்டுப் பாலம் அமைத்தார். 1843-ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. இன்று அதன்மேல் போகிறவர்கள் படகுத்துறையின் துன்பத்தை அறியமாட்டார்கள். சட்டமும் அப்படித்தான். அதன் நிழலில் வாழும் நாம், அது எந்தத் துன்பத்திலிருந்து பிறந்தது என்பதை அறிவதில்லை.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு கட்டடத்துக்குள்ளேயே மூன்று பள்ளிகள் நடந்துவந்தன. சமையற்கட்டில் மூண்ட தீ, கூரை வேய்ந்த வகுப்புகளுக்குப் பரவியது. 94 பிஞ்சுகள் கருகிப்போயின. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. இந்தத் தீ விபத்தை முன்வைத்துத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி பெறும் உரிமை என்றால் அது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையே என்பது அத்தீர்ப்பின் சாரம். பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும், அவற்றைக் கையாள ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. நம் பள்ளித் தாழ்வாரத்தில் தொங்கும் அந்தச் சிவப்பு உருளையை நாம் நாள்தோறும் கடந்து போகிறோமே, அதற்குப் பின்னால் கும்பகோணத்துக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அதே 2009-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒரு பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியலிடுகிறது. எல்லாப் பருவத்தையும் தாங்கும் கட்டடம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி, ஊனமுற்ற பிள்ளைகளும் தடையின்றி வந்துபோகும் வழி ஆகியவை அதில் உள்ளன.

2012-ஆம் ஆண்டு ஜூலையில், தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதே ஆண்டு தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகளை வகுத்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட உதவியாளர் என்று அவ்விதிகள் நீளும். ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் மஞ்சள் பேருந்துகளையெல்லாம் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிப்பதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள்.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அந்தப் பேருந்தின் ஓட்டையை முதலில் பார்த்திருக்கக் கூடியவர்கள் யார்? நாள்தோறும் அதில் ஏறி இறங்கிய குழந்தைகள்தாமே! ஆண்டுக்கொரு முறை வரும் அதிகாரியின் கண்ணுக்குத் தப்புவது, அன்றாடம் அங்கே உட்காரும் பிள்ளையின் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் ஒரு குழந்தை யாரிடம் போய்ச் சொல்லும்? சொன்னால் யார் கேட்பார்கள்? “உனக்கென்ன வந்தது, வாயை மூடிக்கொண்டு உட்கார்” என்று சொல்லிவிட்டால்? ஊமை கண்ட கனவாக அது குழந்தையின் உள்ளத்திலேயே தங்கிவிடும்.

தோழியரே, இதுவரை சொன்னவை சுவரும் கூரையும் வண்டியும் பற்றியவை. பள்ளிக்கு மற்றொரு பாதுகாப்பும் தேவை. அது கண்ணுக்குத் தெரியாதது. ஒரு பிள்ளை அச்சமின்றிப் பள்ளிக்குள் நுழைய முடிகிறதா, தலைநிமிர்ந்து உட்கார முடிகிறதா, மற்றவர்களோடு சேர்ந்து உண்ண முடிகிறதா என்பதே அது.

இதற்கும் சட்டங்கள் உண்டு. 1996-இல் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் ராகிங் கொடுமைக்குப் பலியான பின், தமிழக அரசு 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அச்சட்டம் ராகிங் என்பதற்குத் தரும் விளக்கம் என்னை வியக்க வைத்தது. அடிப்பதும் காயப்படுத்துவதும் மட்டும் அதில் இல்லை. ஒரு மாணவருக்கு அச்சத்தையோ வெட்கத்தையோ உண்டாக்குவதும், அவர் மனமுவந்து செய்யாத ஒன்றைச் செய்யும்படி ஏவுவதும் அதில் அடங்கும்! அடுத்து, 2003-இல் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி திருத்தப்பட்டு, உடலுக்கும் மனத்துக்கும் வலி தரும் தண்டனைகள் விலக்கப்பட்டன. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும், எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கவோ மனத்தால் துன்புறுத்தவோ கூடாது என்கிறது.

இவ்வளவு சட்டங்கள் இருந்தும், 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் இரவு நம் மாவட்டத்து நாங்குநேரியில் நடந்ததை எண்ணினால் நெஞ்சம் நடுங்குகிறது. வள்ளியூர்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துவந்த மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்கள் சிலர் சாதியின் பெயரால் தொல்லைப்படுத்திவந்தார்கள். அவர்களைப் பற்றிப் பள்ளியில் புகார் சொல்லப்பட்டது. அன்று இரவே வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தத் தங்கைக்கு அப்போது ஏறக்குறைய இப்போதைய என் வயதுதான்.

என் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநர். நெல்லையிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர் வழியாக நாகர்கோவில் போகும் வண்டியில் பல ஆண்டுகள் பணி செய்தவர்கள். அன்று செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவர்கள் சொன்னார்கள்: “காலையில் வண்டியில் ஏறுகிற பையன்கள் கையில் கலர் கலராகக் கயிறு கட்டியிருப்பார்கள். அந்தக் கயிற்றைப் பார்த்தே யார் யார் பக்கத்தில் உட்காருவான் என்று நான் சொல்லிவிடுவேன். இடம் இருந்தாலும் மாறி உட்காரமாட்டார்கள்.” ஒரே பள்ளி, ஒரே சீருடை, ஒரே பேருந்து, மணிக்கட்டில் மட்டும் வேறு வேறு நிறம்! சீருடை எதற்காக வந்ததோ அதை அந்த ஒரு முழக் கயிறு கெடுத்துவிட்டதே என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் கொடுமைக்குப் பின், ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று அவர் தம் அறிக்கையை அளித்தார். பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடைமொழிகளை நீக்க வேண்டும். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் மாணவர் அணியக் கூடாது. வகுப்பில் பெயரின் எழுத்து வரிசைப்படி அமரச் செய்ய வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு முறை அறநெறி வகுப்பு நடக்க வேண்டும். 500-க்கு மேல் மாணவர் படிக்கும் பள்ளிகளில் சாதிப் பாகுபாடு, ராகிங் போன்றவற்றைக் கவனிக்கப் பள்ளி நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்பன அவர் தந்த பரிந்துரைகளில் சில. வெட்டுப்பட்ட அந்த மாணவரோ மனம் தளரவில்லை. அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றுத் தேறினார்.

அவர் மதிப்பெண்ணைக் கேட்டு எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அந்தப் பிள்ளை வாய் திறந்து சொன்னான். சொல்ல வேண்டியவர்களிடம்தான் சொன்னான். சொன்னதற்கே வெட்டுப்பட்டான். இந்தச் செய்தியைக் கேட்ட மற்றப் பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்கள்? ‘சொல்லாமலே இருந்திருக்கலாம்’ என்றுதானே? அரிவாள் வெட்டியது இருவரை. வாயடைத்ததோ எத்தனை பேரையோ!

2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் நம் பாளையங்கோட்டையிலேயே, ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அரிவாளால் தாக்கினான். தடுக்க முயன்ற ஆசிரியையும் காயமுற்றார். ஒரு பென்சிலைப் பற்றி எழுந்த சச்சரவே காரணம் என்று செய்தி வந்தது. இத்தகைய செய்திகளைக் கேட்டதும் பிள்ளைகளின் பையைச் சோதிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சோதிக்கட்டும். பையில் இருக்கும் அரிவாள் அகப்படும். மனத்தில் இருக்கும் மனத்தாங்கலை எந்தச் சோதனை கண்டுபிடிக்கும்? அது தானாகத் திறந்தால்தான் உண்டு. பென்சில் சண்டையாக இருந்தபோதே அதை யாராவது கேட்டிருந்தால்!

நான் கண்ட உண்மை இதுதான்: எல்லாச் சட்டங்களும் கடைசியில் ஒரு குழந்தையின் நாவைச் சார்ந்தே நிற்கின்றன. சுவர் அசைகிறது என்று சொல்ல ஒரு குழந்தை வேண்டும். ‘என்னை அடிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள்’ என்று சொல்ல ஒரு குழந்தை வேண்டும். அந்தக் குழந்தை பயமின்றிச் சொல்ல முடியாத இடத்தில், எத்தனை சட்டப் புத்தகங்கள் இருந்தாலும் அவை அலமாரியில்தான் இருக்கும்.

சட்டம் எழுதிய பெரியோர்களும் இதை உணராதவர்கள் அல்லர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம், அந்த ஆண்டு நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது. அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தும் பெரியவர் ஒருவர் மறைத்தால் அவருக்குத் தண்டனை உண்டு. ஆனால் பயத்தால் சொல்லாமல் இருந்த குழந்தைக்குத் தண்டனை இல்லை. குழந்தை சொன்னது தவறாக இருந்தாலும் அதற்காக அந்தக் குழந்தையைத் தண்டிக்கக் கூடாது. குழந்தையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ செய்தியில் வெளியிடக் கூடாது. பெண்பிள்ளைகளாகிய நாம் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். ‘சொன்னால் என் பெயர் கெட்டுவிடுமோ’ என்று அஞ்சும் குழந்தையிடம், ‘பயப்படாதே, சொல்’ என்று சட்டமே குனிந்து காதோடு சொல்வதுபோல் இருக்கிறதல்லவா?

ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. அதன் 12-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய காரியங்களில் தன் கருத்தைச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, அதற்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது. தமிழக அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற பெயரில் பெட்டி வைத்திருப்பதும் இதற்காகத்தான். எவ்வளவு அழகான பெயர்!

இனி நம் பள்ளியைப் பற்றிச் சிறிது சொல்கிறேன்.

இந்த ஆண்டு ஜூன் மாதம், தலைமையாசிரியை சிஸ்டர் பத்தாம் வகுப்பிலிருந்து எங்கள் ஆறு பேரை அழைத்தார்கள். “நீங்கள்தான் மூத்த பிள்ளைகள். நான் பார்க்கும் பள்ளி வேறு, நீங்கள் பார்க்கும் பள்ளி வேறு. ஒரு வாரம் சுற்றிப் பார்த்து, எங்கே ஆபத்து இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லி ஒரு நீள நோட்டைத் தந்தார்கள்.

நாங்கள் மணல் வாளிகளை எண்ணினோம். முதலுதவிப் பெட்டியில் மருந்துகளின் காலக்கெடு பார்த்தோம். படிக்கட்டுக் கைப்பிடிகளை ஆட்டிப் பார்த்தோம். இரண்டு பக்கம் நிரம்பியது. பிறகு சிறு வகுப்புகளுக்குப் போய், “உங்களுக்கு எங்கேயாவது போகப் பயமாக இருக்கிறதா?” என்று கேட்டோம். அவ்வளவுதான்! தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாசி வழுக்குகிறது, கேட்டின் இடுக்கு வழியாக மதியம் நாய் வருகிறது, வேப்பமரத்துக் கிளையொன்று ஒடிந்து தொங்குகிறது என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். எட்டுப் பக்கம் ஆயிற்று.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் பேசாமல் நின்றாள். நான் அருகே அமர்ந்து கேட்டேன். “சொன்னா ஏசுவாங்களாக்கா?” என்றாள். “ஏசமாட்டாங்க, சொல்லு” என்றேன். “பாத்ரூம் தாழ்ப்பாள் எனக்கு எட்டாதுக்கா. யாராவது திறந்துருவாங்கன்னு நான் போகவே மாட்டேன். தண்ணியும் குடிக்கமாட்டேன்” என்றாள். பாளையங்கோட்டை வெயிலில், காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் ஒரு குழந்தை இருந்திருக்கிறாள்! கழிவறை இருக்கிறது, கதவு இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது. ஆய்வுக்கு வரும் எவரும் எல்லாம் சரி என்றே எழுதிப் போவார்கள். தாழ்ப்பாள் எத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்தச் சிறுமி ஒருத்திதான் சொல்ல முடியும்.

அந்தச் சனிக்கிழமையே ஆசாரி வந்தார். சிறு வகுப்புக் கழிவறைகளில் எல்லாம் தாழ்ப்பாளைக் கீழே இறக்கிப் பொருத்தினார். அரை நாள் வேலை.

அதன்பின் சிஸ்டர் நூலக வாயிலில் ஒரு பெட்டி வைத்தார்கள். பெயர் எழுதாமல் எவரும் எதையும் எழுதிப் போடலாம் என்று காலை வழிபாட்டில் அறிவித்தார்கள். முதல் வாரம் விசிறி, கரும்பலகை, வீட்டுப்பாடம் என்றே சீட்டுகள் வந்தன. இரண்டாம் வாரம் நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்றில் ஒரே வரி இருந்தது: “மத்தியானம் நான் தனியாகச் சாப்பிடுகிறேன்.”

சிஸ்டர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாதிருந்தார்கள். யார் கையெழுத்து என்று தேடச் சொல்வார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர்கள் தேடவில்லை, எங்களையும் தேடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். “எழுதினவளைக் கண்டுபிடித்தால் ஒருத்திக்குத்தான் இரக்கம் காட்டுவோம். அவள் கேட்டது இரக்கம் இல்லையே” என்றார்கள். அடுத்த திங்கள் முதல், ஆறு தொடங்கிப் பத்து வரை ஒவ்வொரு வகுப்பிலும் பெயரின் எழுத்து வரிசைப்படி எட்டெட்டுப் பேராக வட்டமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வாரம் ஒரு முறை வட்டம் மாற வேண்டும் என்ற வழக்கம் வந்தது. முதலில் சிலருக்குப் பிடிக்கவில்லை. நெருங்கிய தோழியை விட்டுப் பிரிந்து உட்காருவதா என்று முகத்தைத் தூக்கினவர்களும் உண்டு. இப்போது எங்கள் வட்டத்தில் ஒருத்தியின் சொதிக்கு மூன்று பேர் கை நீட்டுகிறோம். அந்தச் சீட்டை எழுதியவள் யார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. என் வட்டத்தில்கூட அவள் இருந்திருக்கலாம். தனியாகச் சாப்பிடுகிறேன் என்ற சீட்டு மறுபடி வரவில்லை.

பெற்றோர்களே, மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் “எத்தனை மார்க்?” என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். அத்துடன், “இன்று யாரோடு சாப்பிட்டாய்?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிள்ளை தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, சிஸ்டர்களே, ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால், அவள் எத்தனை நாள் எண்ணி எண்ணிப் பார்த்து வந்திருப்பாள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் சொன்னது யாரைப் பற்றியோ அவர்கள் காதுக்கு அவள் பெயர் போய்ச் சேராமல் காப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. தோழி ஒருத்தி நம்பி ஒன்றைச் சொன்னால் சிரிக்காதீர்கள். நாலு பேரிடம் பரப்பாதீர்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடம் கூடவே போங்கள். இருவராகப் போனால் பயம் பாதியாகும். அதற்கும் வழியில்லை என்றால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் 14417 இருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் வாய்ப்பாட்டைப்போல் மனப்பாடம் செய்து வையுங்கள்.

மதிற்சுவர் தேவைதான். அது உறுதியாகவும் இருக்க வேண்டும். நம் ஊர் அதைப் பெருந்துயரத்தோடு கற்றுக்கொண்டது. ஆனால் மதிலுக்குள் இருக்கும் கடைசிக் குழந்தையும் வாய் திறந்து பேசும் பள்ளியே பாதுகாப்பான பள்ளி என்பது என் உறுதியான எண்ணம்.

வரும் ஜூன் மாதம் நாங்கள் பதினோராம் வகுப்புக்குப் போய்விடுவோம். சிஸ்டர் தந்த அந்த நீள நோட்டு, இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் தங்கைகளின் கைக்கு வரும். தாழ்ப்பாள், பாசி, நாய், மரக்கிளை என்று நாங்கள் எழுதியவற்றுக்கு நேரே ‘சரி செய்யப்பட்டது’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம். மீதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. முதலில் சிறு வகுப்புகளுக்குப் போய்க் கேளுங்கள், தங்கைகளே. கேட்டதை எழுதுங்கள்.